சூளைக்குத் தப்பிய மண்

குழந்தைகளே, இன்று மயிலாப்பூர் டிராமில் கேட்டதை அப்படியே சொல்கிறேன். கீரை பயிரிடும் ஒரு பெண்மணி, முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். பக்கத்திலிருந்த பூக்காரி கேட்டாள்:

“இன்னாக்கா, மண்ணையா முடிஞ்சிக்கினு போறே?”

“என் தோட்டத்து மண்ணு! நெலத்துக்காரருக்குக் காட்டிட்டு வரேன். செங்கல் சூளைக்கு வுடப்போறேன்னாரு.”

“கல்லு மாரி கெடந்த பூமியாச்சே!”

“மழை வுட்டதும் ஈரத்துலயே ஏரோட்டி எங்கூட்டுக்காரருதான் அப்டி ஆக்கிட்டாரு. ரெண்டு வருசமா ஈரத்துல மாட்டையும் வுடல, அவரையும் வுடல! சருகும் சாணியும் போட்டேன். இப்ப ஊத்துற தண்ணியெல்லாம் குடிக்குது.”

“நெலத்துக்காரரு இன்னா சொன்னாரு?”

“கட்டியக் கையில வாங்குனாரு, பொலபொலன்னு உதுந்துச்சு. ‘இதுல எங்க செங்கல்லு அறுக்கிறது? நீயே பயிர் வச்சுக்கோ’ன்னுட்டாரு!”

முடிச்சை அவிழ்த்து, டிக்கெட் கேட்க வந்த கண்டக்டரிடமும் நீட்டினாள்.

“நீயும் தொட்டுப் பாரு, நைனா!”

வீட்டுக்கு வந்ததும், நீங்கள் பள்ளியிலிருந்து திரும்புமுன், கொளுத்துவதற்காகக் கொல்லையில் குவித்திருந்த சருகை அள்ளிக் கத்தரிப் பாத்தியில் பரப்பினேன்.