அப்பாவைக் குளிப்பாட்டிய காலை

எனக்கு நாற்றம் ஆகாது, பூசாரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போர்க்களத்தில் பிணங்களுக்கு நடுவே படுத்து உறங்கியிருக்கிறேன். அது ஒன்றும் செய்யவில்லை. ஊறப்போட்ட தோலின் வாடையைத்தான் தாங்க முடியாது.

எங்கள் சொந்த நாடான மாசிடோனியாவிலிருந்து என் தகப்பன் கொராகோஸ் கழுதை வண்டியில் வந்து இறங்கியபோது, அவருக்கு முன்னாலேயே அந்த வாடை அரண்மனைக்குள் வந்துவிட்டது. அவர் தோல் பதனிடுகிறவர். நானோ, எங்கள் பேரரசர் செத்த பிறகு இந்த நாட்டை வாளால் பிடித்து முடிசூடிய தளபதி. நான் அப்பல்லோ தேவனுக்குப் பிறந்தவன் என்று ஊருக்குச் சொன்னது நீர்தானே? அதை நம்பித்தான் பாபிலோன்காரர்கள் எனக்குத் தலைவணங்கினார்கள்.

நான் அவரை விரட்டவில்லை. பின்கட்டில் அறை கொடுத்தேன். வெளியே வரவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அன்றிரவு நான் கொடுத்த விருந்துக்கு வந்துவிட்டார். பூண்டைக் கடித்து, ஆட்டெலும்பை உறிஞ்சி, சவ்வைத் தரையில் துப்பினார். தாடியில் கொழுப்பு வழிந்தது. என் படைத்தலைவன் பெரில்லாஸ் கேலியாகக் கேட்டான்: "பெரியவரே, மன்னரோட அம்மாகிட்ட அப்பல்லோ வந்தப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?"

"அப்பல்லோவா? எவன்டா அவன்? அவ படுத்த வைக்கோல்ல என்னைத் தவிர எவனும் படுக்கல. இவன் மூக்கைப் பாருங்கடா, அப்படியே என் மூக்கு!"

கூடமே சிரித்தது. அது பரவாயில்லை. சிரிப்பு அடங்கிய பிறகும் எல்லோரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அவரைக் குளியலறைக்கு அழைத்துப் போனேன். வேலையாட்களை வெளியே அனுப்பினேன். பெற்றவர் காரியத்தை அந்நியன் கையில் விடுவது முறையல்ல. எண்ணெய் தடவி முதுகைச் சுரண்டினேன். அழுக்கு கறுப்புத் திரியாக உருண்டு வந்தது. வாடை மட்டும் போகவில்லை.

"போதும்டா ராசா, தோலு உரிஞ்சிரும்" என்று சிரித்தார்.

தொட்டித் தண்ணீருக்குள் தலையை அழுத்தினேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். மேலே வந்து, "மூச்சு முட்டுதுடா" என்றார். மறுபடி அழுத்தினேன். பிறகு விடவில்லை. அவர் வயிற்றில் இருந்ததெல்லாம் தண்ணீரில் கலந்து என் முழங்கையில் ஒட்டியது. அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

நாளை கோயில் சடங்கில் தேவனின் சிலையைத் தொடுவதற்கு முன் என் கையில் கறை உண்டா என்று கேட்டீர். இல்லை. அவருக்கு என்மேல் வருத்தமே கிடையாது. கடைசிவரை என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு தகப்பன் மகன் கையை வேறு எதற்குப் பிடிப்பான்? ஆசீர்வாதம்தான்.