இரண்டாவது லேபிள்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் தேநீர் போடுவது யாருடைய வேலையும் அல்ல. பதினோரு வருடமாக நான்தான் போட்டு வந்தேன். யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்குப் பால் கொஞ்சமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நேற்று நீங்கள் விசாரித்தபோது என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் “அவரா?” என்றுதான் கேட்டிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஐயா. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளை தன்னுடையதுதானா என்று சந்தேகப்படுகிறவர்கள் எங்களிடம் வருவார்கள். தகப்பன், குழந்தை இருவரின் கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுப்போம். குச்சியைக் குழாயில் போட்டு லேபிள் ஒட்டுவோம். மிஷின் இருவரின் மரபணுவிலும் பதினாறு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கும். பதினாறும் பொருந்தினால் தகப்பன். நான்கைந்து இடம் இடித்தால் இல்லை. பெரும்பாலும் பொருந்திவிடும். பொருந்துகிறது என்று கேட்டு முகம் வாடிப்போன ஆண்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். ஒரே துணையோடு ஆயுளைக் கழிப்பதாக நாம் மெச்சிக்கொள்கிற பறவைகளின் குஞ்சுகளைப் பரிசோதித்தால், சிலவற்றுக்குத் தகப்பன் பக்கத்து மரத்துக்காரன். சேர்ந்து கூடு கட்டுவது ஒரு ஏற்பாடு, உடம்பு இன்னொரு ஏற்பாடு. இயற்கை இரண்டையும் ஒரே முடிச்சில் போடவில்லை. மனிதன் போட்டுப் பார்க்கிறான், அவ்வப்போது அவிழ்ந்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் சொல்வேன். என்னோடு அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிற பெண், “அண்ணே, சோறு உள்ள இறங்கட்டும், அப்புறம் சொல்லுங்க” என்பாள்.

ஆகவே என் மனைவி அதைச் சொன்ன நாளில், கேட்டுக்கொள்ள என்னைவிடத் தயாரான கணவன் இருந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை. காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள்.

“கடையில கண் பரிசோதனை பண்றாரே, அவரோட” என்றாள். “எட்டு மாசம். இப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. உங்ககிட்ட மறைச்சுவெச்சுக்கிட்டு என்னால இருக்க முடியல.”

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தேன். பிறகு அவளை உட்காரவைத்து, பறவைகளிலிருந்து ஆரம்பித்துக் குரங்குகள் வழியாக மனிதன் வரைக்கும் வந்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

“இதுல உன் தப்புன்னு ஒண்ணும் இல்ல. நம்ம எல்லார் ரத்தத்துலயும் இது இருக்கு” என்றேன்.

அவள் அழுதாள். “நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் நீங்க.”

“எதுக்குத் திட்டணும்?”

“அப்பவாவது நான் உங்களுக்கு ஏதோ ஒண்ணுன்னு தெரிஞ்சிருக்கும்.”

மனம் களைத்திருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். அவள் அந்த வேலையை விட்டாள். வீடு பழையபடியே நடந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான ஒன்பது வருடத்தில் குழந்தைப் பேச்சையே விட்டுவிட்டோம்.

ஒரே ஒரு தடவை அந்தக் கடைக்குப் போனேன். சண்டைக்கு அல்ல, பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்குகிறது என்றேன். அவர் திருகாணியை முறுக்கி, ஊதி, துடைத்து, தன் கையாலேயே என் காதுகளில் மாட்டிவிட்டார். “இப்ப சரியா இருக்கா, சார்?” என்றார். மேசைமேல் ஒரு சின்னப் பெண்ணின் படம் இருந்தது. முன்பல் ஒன்று விழுந்த சிரிப்பு.

ஐந்து மாதம் கழித்து அதே பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் கூடத்துக்கு வந்தார். நான் முகக்கவசம் போட்டிருந்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. காரணம் சொல்ல வேண்டும் என்று எங்கள் படிவத்தில் எதுவும் இல்லை. அவராகவே சொன்னார்.

“பார்க்குக்குப் போறோம்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன், சார். வெளிய பாத்தா எதுவும் தெரியாது. ஒரு பொம்பள எவ்வளவு சுலபமா வீட்டுக்குப் போய் ஒண்ணும் நடக்காத மாதிரி இருப்பாள்னு எனக்குத் தெரியும்.”

எந்த வீட்டிலிருந்து அதைக் கற்றுக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும்.

குழந்தை சமர்த்தாக வாயைத் திறந்தது. குச்சி பட்டதும் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தது. “கூசுது, மாமா” என்றது. முடிந்ததும் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன்.

முடிந்துபோன வழக்குகளின் மாதிரிகளைக் கொஞ்ச காலம் குளிர்பெட்டியில் வைத்திருந்து பிறகு அழித்துவிடுவோம். அந்த வாரம் அழிக்க வேண்டியவற்றில் வேறொரு பெண்குழந்தையின் குழாய் இருந்தது. அதிலிருந்த லேபிளை உரித்தேன். இந்தக் குழந்தையின் எண்ணுக்கு இரண்டாவதாக ஒரு லேபிள் அச்சடித்து ஒட்டினேன். நடப்பிலிருந்த வேறு எந்தக் குடும்பத்தின் மாதிரியையும் தொடவில்லை. யாரோ ஒருவருக்குத் தவறான முடிவு போய்விடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

ஆறு இடங்களில் பொருந்தவில்லை. மிஷின் சொன்னது உண்மை, குழாய்க்குள் இருந்ததைத்தானே அது பார்க்கும். என்னோடு வேலை பார்க்கிற அந்தப் பெண்ணும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அவளை நீங்கள் விட்டுவிட வேண்டும், அவளுக்கு எதுவும் தெரியாது. அறிக்கையை நானே அவர் கையில் கொடுத்தேன். முன்பே தெரிந்த செய்தியைப் போலத் தலையாட்டிக்கொண்டு படித்தார்.

அன்று மத்தியானமே மனைவியையும் குழந்தையையும் வெளியே அனுப்பிவிட்டார். துணிமணிகள் மாடிப்படியில் கிடந்தனவாம். மூன்றாம் நாள் அவள் எங்கள் கவுன்டருக்கு வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அறிக்கையின் நகலை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

“சார், இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு. மறுபடி ஒரு தடவை பாருங்க.”

“ரெண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கோம்மா.”

“நான் அவரைத் தவிர வேற யாரையும்… என் உடம்பு எனக்குத் தெரியாதா, சார்?”

“மிஷின் சொல்றதைத்தாம்மா நாங்க சொல்ல முடியும். மறுபடி பாக்கணும்னா அவர் வந்து கையெழுத்துப் போடணும்.”

“அவர் கதவையே தொறக்கமாட்டேங்கறார்.”

“அப்ப கஷ்டந்தான்.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டு, “ஒரு மணி நேரத்துல வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை. ஆற்றிலிருந்து எடுத்தார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்த அக்கா விடாப்பிடிக்காரி. உங்களிடம் வந்து நின்று, வேறொரு கூடத்தில் பரிசோதிக்கவைத்து, உண்மையை வெளியே கொண்டுவந்தாள். அந்தத் தகப்பன் இப்போது குழந்தையைக் கேட்டு அவள் வீட்டு வாசலில் நிற்கிறாராம். குழந்தை அவரிடம் போக மறுக்கிறதாம்.

நேற்று என் மனைவி பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே கேட்டாள்.

“கோபம்னா அவரை அடிச்சிருக்கலாம். என்னை அடிச்சிருக்கலாம். அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணா?”

எனக்கு யார்மேலும் கோபம் இல்லை என்று விளக்கினேன். கோபக்காரனாக இருந்தால் துணி மடித்த அன்றே தெரிந்திருக்கும். குஞ்சு தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிட்ட ஆண்பறவை இரை கொண்டுவருவதைக் குறைத்துக்கொள்ளும். அந்த மனிதரும் கொஞ்ச நாள் அப்படி இருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு வரியைத் திருத்த வேண்டும். ‘குழந்தை யாருடையது என்பது தெரியாத நிலையில் மாதிரியை மாற்றினார்’ என்றிருக்கிறது. அப்படியே இருக்கட்டும், அது எனக்கு நல்லது என்கிறார் என் வக்கீல். ஆனால் பிழையான அறிக்கையில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

லேபிளை மாற்றுவதற்கு முன்னால், மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, அந்தக் குழந்தையின் உண்மையான மாதிரியை நான் தனியாக மிஷினில் ஓட்டிப் பார்த்தேன். பதினாறும் பொருந்தின. எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு தவறும் செய்யாதவள் அவர் மனைவி ஒருத்திதான் என்பது அப்போதே எனக்குத் தெரியும். அந்தத் தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. அதன் பிறகுதான் மாற்றினேன். அவள் கவுன்டரில் நின்று கேட்டபோது தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு நொடி போதும். குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாதே என்று, பேசி முடிக்கும்வரை நான் குரலைத் தாழ்த்தியேதான் வைத்திருந்தேன்.