சாம்பிராணிக்குப் புகை என்று பெயர் இல்லை

ஆவுடை, தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதே. டீச்சரிடமும் காட்டாதே. மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துப் போடு. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நீ பேசப் போகிற "வீட்டுக்குள் காற்று" பேச்சுக்கு நடுவில் ஒரு குட்டிக் கதை வேண்டும் என்றாயே, இதுதான் அது. பெயர்களை மாற்றிவிட்டேன். எங்கள் அத்தை அன்றைக்கு வருவார்கள், முன் வரிசையில்தான் உட்காருவார்கள். சொல்லும்போது என்னையும் பார்க்காதே, அவர்களையும் பார்க்காதே. எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து மோசமாக இருந்தால் மன்னித்துக்கொள். இனி நீ பேச வேண்டியது.

பெரியவர்களே... உங்களை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். வீடும் சின்னது, கதையும் சின்னது. செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். உள்ளே மூச்சு முட்டினால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அந்த வீட்டில் ஒரு குழந்தை... பிறந்து எழுபது நாள். அம்மா பெயர் கோமதி. அவளுக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருப்பவர் அவள் புருஷனின் அக்கா, சண்முகவடிவு. வந்த அன்று வடிவு முதல் வேலையாக என்ன செய்தார் தெரியுமா? ஜன்னலைச் சாத்தினார். இடுக்கு தெரிந்த இடத்தில் எல்லாம் பழைய சேலையைக் கிழித்துத் திணித்தார்.

"காத்து பட்டா பிள்ளைக்கு ஆகாது, கோமதி."

"சரி மைனி."

ஏன் சரி என்றாள்? வடிவுக்கும் ஒரு பிள்ளை இருந்தது. ஒரு மார்கழியில் இரண்டு நாள் இருமியது... மூன்றாம் நாள் இல்லை. காத்து பட்டுத்தான் போயிருச்சு என்று ஊர் சொன்னது. அந்த வார்த்தையை இருபது வருஷமாக நெஞ்சில் வைத்திருக்கிறவரிடம் ஜன்னலைத் திற என்று யார் சொல்வது? நீங்கள் சொல்வீர்களா?

காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி. சாயங்காலம் மறுபடியும் சாம்பிராணி. இருட்டினால் கொசுவத்திச் சுருள். ஜன்னல் சாத்தியிருக்கிறது... புகை எங்கே போகும்?

பிள்ளை இரும ஆரம்பித்தது.

"பாத்தியா, எங்கேயோ காத்து நுழையுது." இன்னொரு துணியைத் திணித்தார் வடிவு. கூடுதலாக ஒரு கை சாம்பிராணி போட்டார். இருமல் கூடியது, சாம்பிராணியும் கூடியது. இருமல்... சாம்பிராணி. இருமல்... சாம்பிராணி.

டாக்டரிடம் கொண்டு போனார்கள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "இழுப்புச் சத்தம் இருக்கே. வீட்டுல புகை உண்டா?"

வடிவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டுலயா? என் தம்பி பீடியக் கையால தொட மாட்டான் சார். பக்கத்து வீட்டுக்காரன் வாசல்ல நின்னு பத்த வச்சாலே நான் சண்டைக்குப் போயிருவேன்."

"அவன் இப்ப மைனியக் கண்டா தெருவ மாத்தித்தான் போறான்" என்றாள் கோமதி.

டாக்டரும் சிரித்துவிட்டு மருந்து எழுதினார். "இதுக்கும் குறையலைன்னா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. தள்ளிப் போடாதீங்க."

வடிவு பொய் சொன்னாரா? இல்லை. கோமதி மறைத்தாளா? அதுவும் இல்லை. அந்த வீட்டில் அது புகை என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

அங்கே பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தியும் உண்டு. ஒரு நாள் வடிவு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். கோமதி அசதியில் தூங்கிவிட்டாள். அந்தப் பெண் துணிகளை உருவினாள். ஜன்னலைத் திறந்து, கொசு வராமல் ஒரு வலையைக் கட்டினாள். பின்கதவையும் திறந்து வைத்தாள். அன்றைக்குச் சாம்பிராணி போட ஆள் இல்லை. பிள்ளை இருமாமல் தூங்கியது... நாலு மணி நேரம். தெருவில் வடிவின் குரல் கேட்டதும் எல்லாவற்றையும் பழையபடி அடைத்துவிட்டாள்.

வடிவு வந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"கோமதி, சத்தம் எவ்வளவு குறைஞ்சிருக்கு பாரு. சாம்பிராணிக்குக் கேட்டிருக்கு. நாளையிலேருந்து மத்தியானமும் ஒரு தடவ போடுவோம்."

சிரிக்கிறீர்கள்... அந்தப் பெண் சிரிக்கவில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் இல்லை. மறுநாள் மத்தியானமும் போட்டார்கள். சாயங்காலம் பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போய்ப் போய் வந்தது.

பெரியவர்களே, புகை என்றால் நமக்கு எது? அடுத்தவன் பீடி. லாரி. செங்கல் சூளை. நம் வீட்டுக்குள் எரிவதற்கு மட்டும் வேறு பெயர் வைத்திருக்கிறோம்... மருந்து என்போம், மணம் என்போம், சாமி காரியம் என்போம். பிள்ளையின் நெஞ்சுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். எதிரே ஒரு கதவையும் திறந்து வையுங்கள், காற்று உள்ளே வந்தால் வெளியே போக வழி வேண்டும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். பிள்ளை படுத்திருக்கிற அறையில் எதையும் கொளுத்தாதீர்கள். வடிவைத் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்காக அவரைவிட அதிகமாகப் பயந்தவர் அந்த வீட்டில் யார்? அவரிடம் நாம் சொல்ல வேண்டியது...

ஆவுடை, இந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது. இதையெல்லாம் கேட்டதும், அந்த மார்கழியில் தன் பிள்ளைக்கும் இதேதான் நடந்ததோ என்று அத்தை நினைத்துவிடக் கூடாது. நினைக்காமல் இருக்க என்ன சொல்வது என்று நானும் எழுதி எழுதி அடித்துவிட்டேன். ஒருவேளை இப்படி

கதவைத் தட்டுகிறார்கள். அத்தைதான். பிள்ளை இருமுகிறது. தீப்பெட்டியை எங்கடி வச்ச என்று கேட்கிறார்கள். அது என் கையில்தான்