இரட்டைப்படை நோயாளிகள்

ஆராய்ச்சிக்குத் தலைப்பு எடுப்பதிலேயே பெரும்பாலோர் கோட்டை விட்டுவிடுகிறார்கள், ஐயா. ஊரையே அளக்கிற கேள்வியாக எடுத்துக்கொண்டு பாதியில் மூச்சு வாங்குவார்கள். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். தேவையான ஆட்கள் தினமும் கைக்குக் கிடைக்க வேண்டும்.

ஸ்ஃபாக்ஸ் நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் பதினாறு வருடமாக நான் பொறுப்பாளர். உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் உடனே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது விதி. செய்தால் எதிர்முனையில் டாக்டர் மென்றுகொண்டே பேசுவார்.

"இருங்க லொத்ஃபி, வாயில சாண்ட்விச். அதுக்குள்ள யாரும் செத்துற மாட்டாங்க."

அந்த ஈரச் சத்தம் காதிலேயே ஒட்டிக்கொள்ளும். அருவருப்பாக இருக்கும். இந்தப் போனால் யாராவது பிழைக்கிறார்களா? அதையே தலைப்பாக எடுத்தேன்.

ஒப்பிட இரண்டு கூட்டம் வேண்டும், பக்கத்துக்கு முப்பது பேர். கோப்பு எண் ஒற்றைப்படை என்றால் போன் உண்டு. இரட்டைப்படை என்றால் கிடையாது. முடிவுத்தாள் மாலையில் வார்டுக்கு அனுப்பும் கட்டோடு போகும். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் குழு கூடி ஒரு வருடம் காபி குடிக்கும்.

மீன் விற்கும் நூரியின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு புள்ளி எட்டு என்று ஒரு காலையில் வந்தது. என்னிடம் வேலை பார்க்கும் ரஃபீக்கா போனை எடுத்துவிட்டாள்.

"வைம்மா. நம்பர் நாலுல முடியுது."

"இதயம் நின்னுரும் அண்ணே. மூணு புள்ளைக்காரரு. நீங்கல்லாம் மனுஷன்தானா?"

போன் வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பகல் தொழுகைக்கு அழைப்பு கேட்பதற்குள் நூரி இறந்துவிட்டார். அவர் எண்ணுக்கு நேரே குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது ஆளிலேயே விடை தெரிந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் முப்பது என்று திட்டம் போட்டுவிட்டு நடுவில் நிறுத்துவது நேர்மையில்லை. முடித்தேன். போன் போன பக்கம் மூன்று பேர் இறந்தார்கள். போகாத பக்கம் பதினான்கு.

பிறகுதான் தெரிந்தது. கை கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரட்டைப்படைக்காரர்கள் ஐந்து பேருக்காக ரஃபீக்கா மாடிப்படி ஏறி ஓடி வார்டில் சொல்லியிருக்கிறாள். ஐந்து பேரும் பிழைத்துக் கிடக்கிறார்கள். எனக்கு அருவருப்பாகிவிட்டது. இத்தனை வருடம் கூட வேலை பார்த்தவள் இப்படி ஒரு தில்லுமுல்லு செய்வாள் என்று நினைக்கவே இல்லை.

பதினான்கு பேரையும் நான்தான் சாகவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஐந்து பேரைப் பற்றி அவளையும் விசாரிக்க வேண்டும், ஐயா.