தம்பிக்கு அரைத்த புதினா

புதினாவை அம்மியில்தான் அரைக்க வேண்டும், ஐயா. உரலில் இடித்தால் கசந்துவிடும். கெட்டித் தயிரை மல்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் வடிந்ததும் புதினா, கொத்தமல்லி, இஞ்சி, ஒரு பச்சை மிளகாய் அரைத்த விழுதைக் கலந்தால் வெண்ணெய் போல வழவழவென்று வரும். எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை. உடம்புக்கு அத்தனை நல்லது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், என் வாக்குமூலத்துக்கு இது வேண்டியிருக்கும்.

என் பெயர் ஜஹீருன்னிசா. தம்பி அதாவுல்லாவுக்கு நான்கு வயதாகும்போது பெற்றவர்கள் இருவரும் காலராவில் போய்விட்டார்கள். அவனுக்காகவே நிக்காஹ் வேண்டாமென்று இருந்துவிட்டேன். கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தேன். ஆம்பூரில் தோல் கிடங்கு வைத்து, நாலு பேர் சலாம் வைக்கும் நிலைக்கு வந்தான். ஆற்காட்டிலிருந்து சகீனாவை நான்தான் பார்த்துக் கட்டிவைத்தேன். நல்ல பெண். அதை மறுக்கமாட்டேன்.

மறு வருஷமே அவள் மெட்ராஸ் பேச்சை எடுத்தாள். பெரியமேட்டில் மண்டி போட்டால் வியாபாரம் பெருகுமாம்.

"ஆபா, நீங்க இங்கயே வீட்டப் பாத்துக்குங்க. மாசம் ஒரு தபா வர்றோம்," என்றான் தம்பி.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். வயிறு எரிந்தது, ஐயா. பொய் சொல்வானேன்.

தோலில் பூச்சி விழாமலிருக்கத் தெளிக்கிற பாஷாணம் கிடங்கில் எப்போதும் இருக்கும். தோலைக் காப்பாற்றுகிற பொருள்தானே. பயணப் பேச்சு வரும்போதெல்லாம் அவன் புதினாத் தயிர்க் கிண்ணத்தில் மட்டும் துளி சேர்த்தேன். பத்து நாள் படுப்பான், பயணம் நிற்கும். பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டுவேன். மூன்று தடவை அப்படி நடந்தது.

"நீங்க இல்லாட்டி நா செத்தே போயிருப்பேன், ஆபா," என்று என் கையைப் பிடித்துக்கொள்வான். அந்த நாட்களில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

சகீனாவுக்கு ஏழாம் மாதம் வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி அந்த மாதம் வைக்கிற விருந்தன்று புருஷனும் பெண்சாதியும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். மறுநாள் மெட்ராஸ் ரயிலுக்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அதனால் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டிருந்தேன். கிண்ணத்தை அவன் கைப் பக்கமாகத்தான் வைத்தேன். தட்டு ஒன்றானால் கிண்ணமும் ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான். "நீ சாப்டு சகீனா, ஒனக்குத்தான் தெம்பு வேணும்."

அவள் சிரித்துக்கொண்டே வழித்துச் சாப்பிட்டாள். "ஆபா கைக்கு ஈடே இல்ல," என்றாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஈ விழுந்துவிட்டது என்று கிண்ணத்தைப் பிடுங்கியிருக்கலாம். நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

மறுநாள் அவளும் போனாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போனது. அவன் பிழைத்துக்கொண்டான். கழுவாமல் கிடந்த கிண்ணத்தை ஸ்டேஷனுக்கு எடுத்துவந்து உங்களிடம் கொடுத்ததும் அவன்தான்.

என்னைப் பார்க்க இதுவரை வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. மெட்ராஸ் பேச்சையே விட்டுவிட்டானாம். தினமும் சகீனாவின் கபர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறானாம். ஆம்பூரிலேயே இருக்கிறான் பாருங்கள். நான் கேட்டதும் அவ்வளவுதானே, ஐயா.