ஆயுத பூஜை போன்

திருவண்ணாமலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க ஊரு போனுக்குக் காதுதான் இருக்குது, வாயி இல்ல," என்றார் மூத்தவர்.

"என்னக்கா சொல்றீங்க?"

"மானியத்துல ஊருக்கு ஒண்ணு வெச்சாங்களே, அதான். ஆயுத பூஜைக்குப் பஞ்சாயத்துத் தலைவர் சம்சாரம் பேசற ஓட்டை முழுக்க சந்தனத்த அப்பிட்டா. அந்தப் பக்கம் பேசறது கேக்குது, நாம பேசறது போவல."

"கழட்டித் தொடைக்கறது?"

"கவர்மெண்ட்டு போன நாம தொறக்கக் கூடாதாம். ஆபீஸ்லருந்து வந்தவன் மணி அடிக்குதான்னு பார்த்தான். அடிச்சிது. ரூல்படி நல்ல போனுன்னு எழுதிக்கினு போயிட்டான்."

"இப்ப எங்க போறீங்க?"

"டவுன் பூத்துக்கு. பெங்களூர்லருந்து மவ தெனம் கூப்புட்டு, 'பேசும்மா, இன்னும் எம்மேல கோவமா'ன்னு அழுவுறா. நானும் கேட்டுக்கினே நிக்கறேன்."