நூற்று ஐம்பத்தைந்து ஜிபி

டிஸ்க்கின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பியதுதான் நான் செய்த முதல் தப்பு. நாலாயிரம் ஜிபி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கணினியில் செருகினால் மூவாயிரத்து எழுநூற்று இருபத்தைந்து. அழிந்த கோப்புகளை மீட்பது உங்கள் தொழில், உங்களுக்குத் தெரியாததா. எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. எரிச்சலாக இருந்தது.

என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு கணினி விளையாட்டுகள் இருக்கின்றன. விற்ற நிறுவனம் கடையை மூடினால் அத்தனையும் காற்றோடு போய்விடும். அதனால் எல்லாவற்றுக்கும் பிரதி எடுக்க ஒரு மாதம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மூவாயிரத்து எழுநூறு ஜிபி. ஒவ்வொரு வாரமும் ஏதாவதொரு விளையாட்டு புதுப்பிப்பு என்ற பெயரில் வீங்கும், நான் மறுபடி கூட்டுவேன்.

அந்த டிஸ்க்கை வாங்கியது என் அக்கா. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் போன அவள் மகளின் வீடியோக்கள், நூற்று எண்பது ஜிபி, அதில் இருந்தன. நாலு வயதுக் குழந்தை. நான்தான் போனிலிருந்து மாற்றிக் கொடுத்தேன். "பத்திரமா இருக்கு, போன்ல அழிச்சிடலாம்" என்றும் நான்தான் சொன்னேன். அவள், "மீதி இடத்த நீ வச்சுக்கடா, சும்மாதானே கெடக்கு" என்றாள்.

நாலாயிரம் இருந்திருந்தால் இரண்டும் தாராளமாக அடங்கியிருக்கும். இல்லாததால் நூற்று ஐம்பத்தைந்து ஜிபி இடித்தது.

ஒரு விளையாட்டை விட்டுவிடலாமே என்பீர்கள். தொகுப்பில் ஒன்று குறைந்தால் அது தொகுப்பே இல்லை. நான் எப்போதும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: எது நெடுநாளாகத் திறக்கப்படவில்லையோ, அது முதலில் போகும். 'பாப்பா' என்ற அந்தக் கோப்புறையை அக்கா பதினோரு மாதமாகத் திறக்கவே இல்லை. திறந்தால் தாங்க முடியாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். திறக்காததற்குக் காரணம் எதுவாக இருந்தாலும் தேதி தேதிதான்.

கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவில்லை. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். குழந்தை படிகளை எண்ணிக்கொண்டு இறங்குகிறாள், ஆறுக்குப் பிறகு எட்டு. "மாமா, இதையும் எடுக்கிறியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறாள். நான் எடுத்ததுதான். படம் குலுங்கியிருந்தது, வெளிச்சமும் போதவில்லை. இப்படியே ஆயிரத்துக்கு மேல்.

அழித்தேன். காலியான இடத்தில் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை வைத்தேன். பட்டியல் முழுமையாயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மனசு லேசானது.

நேற்று குழந்தையின் பிறந்த நாள். அக்கா வந்து, "ஒரே ஒரு தடவ அவ குரல கேக்கணும்டா, போடு" என்றாள். டிஸ்க் கெட்டுவிட்டது என்றேன். அதோடு அவள் விட்டிருக்கலாம். "உன்னைத் திட்ட மாட்டேன், வா" என்று இன்று கையைப் பிடித்து இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

நீங்கள் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, "டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி, என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் வேறு எழுதியாகிவிட்டது, மீட்க முடியாது என்று உங்களைப் போலவே எனக்கும் தெரியும். இருந்தாலும் டிஸ்க்தான் கெட்டது என்றே அவளிடம் சொல்லிவிடுங்கள். உண்மை தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். எனக்கு இருப்பது ஒரே அக்கா.

அந்தப் பந்தய விளையாட்டா? இல்லை, இன்னும் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. டிஸ்க்கைக் கொஞ்சம் பார்த்துக் கையாளுங்கள். அதற்கு இன்னும் இரண்டாவது பிரதி எடுக்கவில்லை.